பிடித்துக்கொண்ட பூட்டு

கள்ளச் சாவியை உள்ளே விட்டால் திரும்ப எடுக்க முடியாதபடி பிடித்துக்கொள்ளும் பூட்டுக்குப் பேர் போனது எங்கள் திண்டுக்கல். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்பேர்ப்பட்ட ஊர்க்காரனுக்கு 'மெர்ரி கிறிஸ்துமஸ்' படத்தின் சூட்சுமம் சட்டென்று பிடிபட்டுவிடும். காதல் அழைக்கிறதென்று எண்ணி ஒருவன் ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். வீடு அவனை விடுவதில்லை.

பெயரைக் கேட்டால் குதூகலமான பண்டிகைக் கதை போலிருக்கிறது, அல்லவா? கதை பிறந்தது பிரான்சில். ஃபிரெதெரிக் தார் 1961-இல் எழுதிய சிறு நாவல். மறு ஆண்டே அங்கே படமாயிற்று. சிறை மீண்டவன், தாயில்லாத வீடு, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, உணவு விடுதியில் குழந்தையோடு தனித்திருக்கும் ஒரு பெண். தாரின் எழுத்தில் ஈரம் குறைவு. ஸ்ரீராம் ராகவன் அதைப் பழைய பம்பாய்க்குக் கொண்டுவந்து, விஜய் சேதுபதியையும் கத்ரீனா கைஃபையும் ஆடவிட்டார். வேடிக்கைப் பேச்சைச் சேர்த்தார். முடிவில் ஒரு மோதிரத்தை வைத்தார். குற்றவாளி யார் என்பது போய், பேச்சில்லாத அந்தக் குழந்தைக்குத் தாய் மிஞ்சுவாளா என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. துப்பறியும் கதை அன்பர்கள் கோபிக்கட்டும்; எனக்கு மோதிரம்தான் பிடித்தது.

இந்திப் படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுத்ததோடு விட்டுவிடவில்லை. ராதிகா முதலியவர்களை வைத்துத் தமிழுக்கென்றே காட்சிகளை எடுத்தார்கள். அத்தனை பாடுபட்டு, வெளியிட்டதோ 2024 ஜனவரி 12-இல்! 'கேப்டன் மில்லர்', 'அயலான்' இரண்டும் வந்த அதே நாள். கரும்புக் கட்டு இறங்குகிற நேரத்தில் கிறிஸ்துமஸ் மரத்தை யார் தேடிப் போவார்கள்?