வேக்குவம் கவர்னரும் வெயிட் கவர்னரும்

திருவொற்றியூர்ப் பக்கம் எஞ்சின் அறியாத தெரு குறைவு. 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா புல்லட் செய்த ஊர். எண்ணூரில் அசோக் லேலண்ட், சற்றுத் தள்ளிச் செம்பியத்தில் டாஃபே. வடக்கே மீஞ்சூர், பொன்னேரி வயல்காட்டுப் பழைய டிராக்டர் ஐடிலில் நிற்காமல் ஏறி இறங்கினால், "கவர்னர் போச்சு, பம்ப்பைக் கழற்று" என்பதுதான் வழக்கமான தீர்ப்பு. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அந்தக் கவர்னர் எந்த வகை என்று யாரும் கேட்பதில்லை.

ஃபோர்ட்சன் டெக்ஸ்டா டிராக்டரில் இருப்பது வேக்குவம் வகை. காற்றுக்குழாயின் பட்டர்ஃபிளை வால்வு அருகே உண்டாகும் உறிஞ்சுவிசை, மெல்லிய குழாய் வழியே டீசல் பம்ப்பின் பின்புற டயாபிரத்தை இழுக்கும். அது டீசல் அளவை மாற்றும் தண்டான ரேக்கை இழுத்து டீசலைக் குறைக்கும். எதிர்ப்புறம் ஸ்பிரிங், டீசலைக் கூட்டப் பார்க்கும். டயாபிரம் கிழிந்தாலோ குழாய் மூட்டு ஒழுகினாலோ ஸ்பிரிங்தான் ஜெயிக்கும். எஞ்சின் கண்மண் தெரியாமல் ரேஸ் ஆகும். சோதிக்க டெஸ்ட் பெஞ்ச் வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, வேக்குவம் குழாயைக் கழற்றி, ஸ்டாப் லீவரை முழுதாக இழுத்துப் பிடித்து, பம்ப்பின் வாயை ஈர விரலால் அடைத்து லீவரை விடுங்கள். ரேக் சற்று நகர்ந்து, பிறகு மெல்ல ஊர்ந்தால் டயாபிரம் நலம். சட்டென்று திரும்பினால் மாற்ற வேண்டியதுதான். விரலே கருவி என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் எஞ்சின் கொண்ட மாஸி 35 வேறு சாதி. அதில் இருப்பது வெயிட் கவர்னர்; டிபிஏ பம்ப்புக்குள்ளேயே எடைகள் டீசலில் மூழ்கிச் சுற்றும். வேகம் கூடினால் விரிந்து டீசலைக் குறைக்கும். 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் மாட்டிய தத்துவமேதான். இங்கே டயாபிரம் கிடையாது. தூசியும் தண்ணீரும் கலந்த டீசல்தான் எடைகளையும் அவை தள்ளும் பாகங்களையும் அரிக்கும். பிளே கூடக்கூட, வேகம் ஏறி இறங்கும் ஹண்டிங் வரும். வீட்டில் பிரிக்காதீர்கள், பம்ப் கடையில், பெஞ்சில் ஏற்றி வேகமும் டீசல் அளவும் பார்த்துத்தான் செட் செய்ய வேண்டும்.

பழுதுபார்க்க எளியது வேக்குவம், விட்டுவைக்க ஆபத்தானதும் அதுவே. அதன் குழாயைக் கழற்றிவிட்டு ஒருபோதும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். எந்த வகையானாலும், பம்ப்பைக் கழற்றுமுன் ஃபில்டரை மாற்றி, டீசல் லைனில் காற்று எடுத்துப் பாருங்கள்; ஹண்டிங் அதிலேயே நின்றுவிடுவதும் உண்டு.