மை உருளை

மை உருளை என்பது அச்செழுத்துகளின் மீதோ முத்திரைக் கருவியின் முகப்பின் மீதோ மையை மெல்லிய, சீரான படலமாகத் தடவும் உறுப்பாகும். அச்சகத்தார் இதனை ரோலர் என்பர். அச்சுக்கலை முன்னோடி கூட்டன்பர்க் காலந்தொட்டு ஏறத்தாழ 350 ஆண்டுகள் இப்பணியை மைப்பந்துகளே செய்தன. கம்பளியையோ குதிரைமயிரையோ தோலுக்குள் திணித்து மரப்பிடியில் அறைந்த இப்பந்துகளைக் கைக்கொன்றாகப் பற்றி, ஒன்றின்மேல் ஒன்று தேய்த்து மையைப் பரப்பியபின் எழுத்துகளின் மேல் ஒற்றுவர். தோல் விறைக்காதிருக்க அவற்றைச் சிறுநீரில் ஊறவைப்பதும் உண்டு. தரங்கம்பாடியில் 1715இல் அச்சேறி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடும் மைப்பந்துக் காலத்ததே.

உருளையால் மை தடவும் எண்ணத்தை வில்லியம் நிக்கல்சன் 1790இலேயே தம் ஆங்கிலேயக் காப்புரிமையில் எழுதிவிட்டார் எனினும், அதற்கேற்ற பொருள் வாய்க்கவில்லை. தோலை உருளைமேல் போர்த்தினால் தையல் விழும். அத்தையல் ஒவ்வொரு சுற்றிலும் வடுவாகப் பதியும். 1814 நவம்பர் 29 அன்று இலண்டன் டைம்ஸ் இதழை மணிக்கு 1,100 தாள் வேகத்தில் அச்சிட்ட பிரீட்ரிக் கோனிக்கின் நீராவி எந்திரமும் முதலில் தோல் உருளைகளையே கொண்டிருந்தது. எந்திரம் விரைந்தோட இயன்றும் மை தடவும் தோல் அதற்கு ஈடுகொடுக்காததே அக்காலத்தின் உண்மையான முட்டுக்கட்டை எனலாம்.

அதனை நீக்கியது வஜ்ஜிரப் பசையும் சர்க்கரைப்பாகும் சேர்ந்த கலவையாகும். பிரையன் டாங்கினும் ரிச்சர்ட் பேக்கனும் 1813இல் காப்புரிமை பெற்ற எந்திரத்தில் இது இடம்பெற்றது. காய்ச்சிய கலவையை உலோகக் குழாய் அச்சில் ஊற்றி வார்த்ததால் தையலற்ற பரப்புக் கிடைத்தது. மையைப் பற்றும் பிசுபிசுப்பும் அழுத்தத்திற்கு நெகிழும் மென்மையும் அதில் ஒருங்கே அமைந்தன. ஆயினும் அது வெயிலில் இளகியது, குளிரில் இறுகியது, ஈரத்தில் உப்பியது. ஆகவே கோடைக்கு வஜ்ஜிரம் கூட்டியும் குளிர்காலத்திற்குக் குறைத்தும் வார்க்கப்பட்டது. இனிப்புக்காக எலிகளும் அதனைக் கடித்தன. தேய்ந்ததை உருக்கி மீண்டும் வார்க்க முடிந்தது அதன் பெருஞ்சிறப்பு.

எட்வர்ட் கௌப்பர் 1818இல் காப்புரிமை பெற்ற மை பரப்பும் முறை அடுத்த படியாகும். உருளை சுழல்வதோடு பக்கவாட்டிலும் நகர வேண்டும் என்னும் அவ்விதி இன்றைய ஆஃப்செட் எந்திரத்திலும் நிலைத்துள்ளது. அதில் கடின உருளைகளும் ரப்பர் உருளைகளும் மாறிமாறி அமைந்து மையைப் பிளந்து மெலிதாக்குகின்றன. எழுத்துத் தகட்டைத் தொடும் உருளைகளின் விட்டங்களை வேறுபடுத்துவது, முந்தைய பதிவின் நிழல் ஒரே இடத்தில் திரும்ப விழாதிருப்பதற்காகும்.

பொதிகளில் தேதி பொறிக்கும் முத்திரைக் கருவிகளிலோ நுண்துளை உருளையே மைக்கிடங்காகிறது. துளைகளின் நுண்புழை ஈர்ப்பு மையைச் சொட்டவிடாது தேக்கி, தொடும் அழுத்தத்திற்கு மட்டும் வெளிவிடுகிறது. துளை பெரிதானால் மை வழியும், சிறிதானால் பதிவு வெளிறும்.