தாத்தா நட்ட சீகையும் சாண்டிநல்லா சேறும்

ரிச்சர்ட்ஸ் டவுன் பார்க்கில் சாயங்காலம் நடக்கும்போதெல்லாம் ஊட்டி ஞாபகம்தான். பிழைப்புக்கு பெங்களூர் வந்து பதினாறு வருஷம் ஆச்சு. எங்க தாத்தா மலையில் சீகைக் கன்று நட்ட கூலிக்காரர். "சும்மா கிடந்த பொட்டலைக் காடாக்கினோம்டா" என்பார், பெருமையாக.

அது பொட்டல்தானா? வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். 1840-களில் இருந்தே கற்பூர மரமும் சீகையும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இறங்கின. சோலைக்காட்டை மனிதர்கள் வெட்டி எரித்ததால் வந்ததே நீலகிரிப் புல்வெளி என்றும் ஒரு கருத்து இருந்தது.

பதில் சேற்றில் இருந்தது. ஆர்க்டிக் ஏரிகள் சிலவற்றில் வருஷத்துக்கு ஒரு அடுக்காக வண்டல் படியும். மர வளையம் மாதிரி எண்ணிப் பழைய காலநிலையைச் சொல்லிவிடலாம். நம்ம மலையில் அப்படி எண்ண முடியாது. ஆனால் ஊட்டி பக்கம் சாண்டிநல்லா போன்ற பள்ளத்தாக்குச் சதுப்புகளில், முழுசாக மக்காத செடிகொடிகள் ஆயிரக்கணக்கான வருஷமாகப் படிந்திருக்கின்றன. 'பீட்' என்பார்கள். கதிரியக்கக் கார்பனை வைத்து ஒவ்வொரு ஆழத்துக்கும் வயது கண்டுபிடிக்கலாம். இன்னொரு சங்கதி: சோலை மரங்களைவிட வெப்பமண்டலப் புற்கள் பெரும்பாலானவற்றில் கார்பன்-13 சற்று அதிகம். ஆக, அந்தந்தக் காலத்தில் அங்கே இருந்தது மரமா புல்லா என்று மண்ணே சொல்லிவிடும்.

என் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் இருக்கும் இந்திய அறிவியல் கழகத்தின் சுகுமார், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ரமேஷ் முதலானோர் இதை அளந்து 1993-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், அதாவது ஏறக்குறைய 20,000 வருஷத்துக்கு முன்பு, பருவமழை குறைந்து புல் ஓங்கியிருந்தது. சுமார் 10,000 வருஷத்துக்கு முன்பு மழை வலுத்தது, மரம் ஏறியது. பிறகு மறுபடி வறட்சி, மறுபடி புல்.

கோடாரிக்கும் தீக்கும் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் புல்வெளியே அவற்றால் வந்ததில்லை. தாத்தா பொட்டல் என்றது, பனியுகத்தையே பார்த்த புல்.

தாத்தா இப்போது இல்லை. இருந்திருந்தால் இதை அவரிடம் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. வயிற்றுக்காக நட்டார், அவ்வளவுதான்.

போன லீவில் ஊருக்குப் போனேன். அவர் நட்ட சரிவில் சீகையை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூலிக்கு வந்தவர்கள் எங்க ஊர்ப் பசங்கதான்.