சீமைக் கருவேலம் வந்த கதை

நம்ம கண்மாயில் வேலிக்கருவை என்று திட்டுகிறோமே, அந்தச் சீமைக் கருவேலத்துக்குத் தாய்பூமி மெக்சிகோவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும். 1877-ல், அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பை ஜில்லாவில் வனத்துறையார் இதை நட்டார்கள். வறண்ட பூமியில் ஜனங்களுக்கு விறகு வேண்டுமே என்ற எண்ணம்தான். அதில் பழுதில்லை. கட்டை வைரம் பாய்ந்தது, நின்று எரியும். மூட்டம் போட்டால் கரி கெட்டியாக விழும். கோணல்மாணலாக வளர்வதால் நீளப் பலகைக்குத்தான் ஆகாது.

வினை நெற்றில் இருந்தது. இனிப்பான நெற்றை ஆடும் மாடும் தின்றன; விதை சாணத்தோடும் புழுக்கையோடும் போய்க் கண்மாய்க்குள்ளேயே முளைத்தது. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே இதை அகற்றச் சொல்லி உத்தரவு போடும்படி ஆயிற்று.

வெட்டி விறகாக்குங்கள், கரி போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மேலோடு வெட்டினால் மட்டும் மறுபடி தழைத்துவிடும். தூரைத் தோண்டி எடுத்துவிட வேண்டும்.