ஹட்டியின் கன்றும் மயிலாப்பூர்க் கடற்கரையும்

சேசுசபைப் பாதிரியார் ஜாகோமோ ஃபெனிசியோ 1603-ல் மலையாளக் கரையிலிருந்து நீலகிரி ஏறினார். பிரிந்துபோன பழைய கிறிஸ்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள் என்ற பேச்சை நம்பித்தான் அந்தப் பயணம். மேலே தோதவர், படுகர் என்ற மலைமக்கள் இருந்தார்கள். கிறிஸ்தவர் ஒருவரும் இல்லை. வெறுங்கையோடு முடிந்த அந்தத் தேடலை, அங்கே கிறிஸ்தவம் வேரூன்றியிருக்கவில்லை என்பதற்கு நான் பெரிய சான்றாகக் கொள்கிறேன். பின்னாளில் அதே மலையில் கேட்ட ஒரு சாவுப் பாட்டு, மிஷனரிகளின் காதில் அவர்களது வேதம் போலவே ஒலித்தது.

படுகரின் ஊரான ஹட்டியில் சாவு விழுந்தால், பெரியவர் ஒருவர் உடலருகே நின்று பாவங்களை வரிசையாகச் சொல்வார். சூழ நிற்பவர்கள் ஒவ்வொன்றையும் பாவமென்று ஏற்றுக் குரல் கொடுப்பார்கள். எல்லைக்கல்லை நகர்த்தியது, வழி தெரியாத அந்நியனைத் தவறாகத் திருப்பிவிட்டது, பாம்பையும் பல்லியையும் தவளையையும் கொன்றது எல்லாம் அதில் வரும். மொத்தப் பாவம் 1300 என்பது கணக்கு. அந்நாளில் அவ்வளவும் ஒரு கன்றின் மேல் ஏற்றப்பட்டு, கன்று அவிழ்த்துவிடப்பட்டது. பிறகு அதை யாரும் வேலைக்குப் பிடித்ததில்லை. லேவியராகமம் 16-ம் அதிகாரத்தில் ஆரோன் வனாந்தரத்துக்கு அனுப்பும் வெள்ளாட்டுக்கடாவை இங்கே காணாத கிறிஸ்தவர் அரிது. எனக்கோ உபாகமம் 27-ம் அதிகாரம்தான் இன்னும் நெருக்கமாகப் படுகிறது. அங்கும் எல்லைக்கல் வருகிறது, வழிதப்பச் செய்யும் குற்றம் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் ஆமென் என்கிறார்கள்.

பைபிள் ஆங்கிலத்தில் ஊறியவர்கள் எழுதிவைத்ததால் வந்த சாயல் இது என்று மறுக்கலாம். 1871-ல் இந்தப் பாட்டை ஆங்கிலச் செய்யுளாக்கிய சார்லஸ் கோவரின் நடைக்கு அது பொருந்தும். சடங்குக்குப் பொருந்தாது. கிறிஸ்தவ ஊழிய அமைப்பான பாசல் மிஷன் நீலகிரியின் கேத்தியில் கால் வைத்தது 1846-ல். ஹார்க்னஸ் என்ற ராணுவ அதிகாரி 1832-லேயே இந்தக் கன்றை நூலில் பதிந்துவிட்டார். தவளைக்கும் பல்லிக்கும் இரங்கும் மனசாட்சி மோசேயிடமிருந்து வந்ததல்ல. ஆரோனின் கடா உயிரோடிருப்பவர்களின் பாவத்தைச் சுமந்தது. இந்தக் கன்று இறந்தவருக்காகப் போனது, சேருமிடம் சிவனின் காளையான பசவனின் பாதம்.

ஒப்புமைக்கு உறவுமுறை தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. இந்த மலையிலேயே வாழ்ந்தும் அதைக் கவனிக்காதவர் ஒருவர் உண்டு: 1860-களில் ஊட்டியில் பள்ளி நடத்திய மிஷனரி ஜி.யு. போப், தோதவர் மொழிக்கு இலக்கணக் குறிப்பு எழுதியவர். தமிழுக்கு அவர் செய்தது பெரிது. ஆயினும் 1886-ல் குறளை மொழிபெயர்த்தபோது, வள்ளுவர் மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறிஸ்தவ போதகர்களோடு உலவியதாகக் கற்பனை செய்து, அவர்களது வேதத்தைக் குறளின் ஊற்றுகளில் ஒன்றாக்கினார். குறளில் கிறிஸ்துவின் குரலைக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. வர்ஜிலின் கவிதையில் மேசியாவைக் கண்ட பழைய திருச்சபைக்கும், இன்று மதம் பேசாத ஒரு நாவலைப் படித்து மனம் உருகும் விசுவாசிக்கும் அதே உரிமை உண்டு. வாசகரின் உள்ளத்தில் எழும் பொருளை எழுதியவரின் கடனாகப் பதிவதுதான் பிழை. போப் வாழ்ந்த மலையே அந்தப் பிழைக்கு மறுப்பு சொல்கிறது: படுகரில் முதல் ஞானஸ்நானம் 1858-ல் நடந்தது, கன்று ஏட்டில் ஏறி அப்போது 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.