புழுங்கலரிசி கற்பித்த பாடம்

ஓர் இனத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் அரசாங்க ஏடுகளையும் தேடிச் செல்வர். அவை இன்றியமையாதவையே. ஆயினும், அவற்றோடு ஒப்பவைத்து எண்ணத்தக்க சான்று ஒன்று ஒவ்வோர் இல்லத்திலும் உண்டு. அதுவே அடுப்படி. மக்கள் எதை உண்டனர், எவ்வாறு சமைத்தனர், உண்டதற்கேற்ப எவ்வளவு உழைத்தனர் என்பவற்றைக் கொண்டே ஒரு சமுதாயத்தின் வாழ்வையும் தாழ்வையும் கணித்துவிடலாம். மலாயா மண்ணில் குடியேறிய தமிழர்தம் வரலாற்றிலும் அத்தகைய ஏடு ஒன்று உள்ளது. அது புழுங்கலரிசி என்னும் எளிய பொருளைப் பற்றியது. அதனை நம் பிள்ளைகள் அறியார். பெற்றோருள்ளும் அறிந்தோர் சிலரே. அவ்வேட்டைப் புரட்டிப் பார்ப்பதும், இன்றைய இல்லங்களுக்குரிய பாடத்தை அதிலிருந்து பெறுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கால்களை முடக்கிய நோய்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்நாட்டின் ஈயச் சுரங்கங்களையும் சிறைச்சாலைகளையும் மருத்துவமனைகளையும் ஒரு நோய் ஆட்டிப் படைத்தது. பெரிபெரி என்பது அதன் பெயர். முதலில் கால்கள் மரத்துப்போகும்; நடை தள்ளாடும்; பின்னர்ச் சிலருக்குத் தசை வற்றும்; சிலருக்கு உடல் வீங்கும்; மூச்சுத் திணறும்; இறுதியில் இதயம் ஓய்ந்துவிடும். கட்டுடல் படைத்த இளைஞர்களே மிகுதியாக மடிந்தனர். இஃது ஒரு தொற்றுநோய் என்றனர் சிலர். ஈர மண்ணிலிருந்து எழும் நச்சுக்காற்றின் விளைவு என்றனர் வேறு சிலர்.

அந்நாளில் நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராகப் பணியாற்றியவர் வில்லியம் லெனார்ட் பிராடன். அவர் கண்ணில் ஒரு விந்தை பட்டது. ஒரே வட்டாரத்தில், ஒரே வெயிலிலும் மழையிலும் வாழ்ந்த மூன்று இனத்தாரை இந்நோய் ஒரே வகையில் தீண்டவில்லை. சீனத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக நோயுற்றனர். கம்பத்து மலாய்க்காரரிடையே நோய் அருகியே காணப்பட்டது. தோட்டங்களிலும் சாலைகளிலும் உழைத்த தமிழரிடையேயும் அது மிக அரிதாகவே இருந்தது. காற்றும் நீரும் மூவர்க்கும் பொதுவாக இருக்க, வேறுபாடு எங்கே உள்ளது?

வேறுபாடு சோற்றுப்பானையில் இருந்தது. சீனர், சயாம் முதலிய நாடுகளின் ஆலைகளில் தீட்டப்பட்டு, நெடுநாள் மூட்டையில் கிடந்த வெள்ளரிசியை உண்டனர். மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை வேண்டும்போது குத்தி உண்டனர். தமிழர் உண்டதோ புழுங்கலரிசி. பிராடன் தம் ஆய்வுகளைத் தொகுத்துப் பெரிபெரியின் காரணமும் தடுப்பும் பற்றிய பெருநூல் ஒன்றை 1907ஆம் ஆண்டில் வெளியிட்டார். வெள்ளரிசியில் ஏதோ ஒரு நஞ்சு உண்டாகிறது என்று அவர் கருதியது பிழை. ஆயினும், அரிசியே குற்றவாளி என்று அவர் சுட்டியது சரியாயிற்று.

சோதனையில் வென்ற சோறு

ஒரு கருத்து எத்துணைத் தெளிவாகத் தோன்றினும், அதனைச் சோதித்துப் பார்ப்பதே அறிவியலின் முறை. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் 1905ஆம் ஆண்டின் இறுதி முதல் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஒரு சோதனையை நடத்தினார். அங்கிருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு வெள்ளரிசிச் சோறும் மறு பிரிவினர்க்குப் புழுங்கலரிசிச் சோறும் அளித்தார். கட்டடமே நோய்க்குக் காரணமோ என்னும் ஐயம் எழாதிருக்க, இடையில் இரு பிரிவினரையும் இடம் மாற்றியும் வைத்தார். வெள்ளரிசி உண்டோரிடையே நோய் பரவிற்று, பலர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோர் பிழைத்தனர்.

இதனையடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் ஆம்புரோஸ் ஸ்டாண்டனும் 1907ஆம் ஆண்டில் நெகிரி செம்பிலானிலுள்ள டுரியான் திப்புஸ் என்னும் காட்டுப் பகுதிக்குச் சென்றனர். அங்கே சாலை அமைக்கும் பணியில் ஈடுபட்டிருந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரை இரு குழுவாகப் பிரித்துச் சோதித்தனர். வெள்ளரிசிக் குழுவில் நோய் தோன்றிற்று. புழுங்கலரிசிக் குழுவில் தோன்றவில்லை. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறிற்று! இதற்குமேல் ஐயுறுவதற்கு என்ன இருக்கிறது? தீட்டிய வெள்ளரிசியை இடைவிடாது முதன்மை உணவாகக் கொள்வதே பெரிபெரிக்குக் காரணம் என்பதை 1910ஆம் ஆண்டில் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு ஏற்றுக்கொண்டது.

நஞ்சு சேர்ந்ததால் வந்த நோயன்று இது. நல்ல பொருள் ஒன்று நீங்கியதால் வந்த நோய். அத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்னும் பெயரைக் காசிமிர் பங்க் என்பவர் 1912ஆம் ஆண்டில் வழங்கினார். தவிட்டில் மறைந்திருந்த அப்பொருளை, இன்று தயாமின் என வழங்கும் வைட்டமின் பி1ஐ, நம் அண்டைத் தீவாகிய சாவகத்தில் ஜான்சன், டோனத் என்னும் இருவர் 1926ஆம் ஆண்டில் படிகமாகப் பிரித்தெடுத்தனர்.

அறியாமலே காத்த அறிவு

புழுங்கலரிசி செய்யும் முறையை நம் பாட்டிமார் எந்தப் பள்ளியிலும் பயிலவில்லை. நெல்லை ஊறவைப்பர், உமியோடு அவிப்பர், உலர்த்துவர், பிறகே குத்துவர். இவ்வாறு அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து நீரோடு கரைந்து அரிசியின் உள்ளே புகுந்துவிடுகிறது. பின்னர்த் தவிடு நீங்கினும் சத்தின் பெரும்பகுதி நிலைத்து நிற்கிறது. இச்சத்து நீரில் கரைவது. ஆகவே, வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்பிட்டுக் குடித்த வழக்கமும் பொருளற்றதன்று.

இதனைக் கூறுவதால் தோட்ட வாழ்வு நலவாழ்வாக இருந்தது என்று எவரும் மயங்கிவிடலாகாது. மலேரியாவும் குருதிச்சோகையும் வயிற்றுக்கடுப்பும் நம்மவரை வாரிக்கொண்டு போயின. காடழித்துக் கித்தா நட்ட தோட்டங்களில் புதைக்கப்பட்டோர் தொகை பெரிது. புழுங்கலரிசி அவர்களை ஒரு நோயிலிருந்து மட்டுமே காத்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1942–1945) வெளிநாட்டு அரிசி வருவது நின்றபோது, அந்தப் பாதுகாப்பும் பறிபோயிற்று. மக்கள் மரவள்ளிக்கிழங்கைக் கொண்டு உயிர் தரித்தனர். சயாம் – பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட நம்மவருள் பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் மாண்டனர்.

எனினும், ஓர் உண்மை வெள்ளிடைமலை. நம் முன்னோர்க்கு வைட்டமின் என்னும் சொல் தெரியாது. மருத்துவர் கூறியதற்காகவும் அவர்கள் புழுங்கலரிசியை உண்ணவில்லை. வீட்டில் நாள்தோறும் நடந்த ஒரு வழக்கம், எவரும் அறியாமலே அவர்தம் உயிரைக் காத்தது. அறிவு மறந்துபோகலாம், ஆர்வம் தணிந்துபோகலாம், வழக்கமாகிவிட்ட ஒன்றோ தானே நடந்தேறும். இதுவே புழுங்கலரிசி கற்பித்த பாடம்.

பசி போய்ப் பிணி வந்தது

வழக்கம் காக்கும் எனின், வழக்கமே கெடுக்கவும் செய்யும் அன்றோ? அன்றைய பால்வெட்டுத் தொழிலாளி இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்று, மேட்டிலும் பள்ளத்திலும் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றிவந்து, பாலைச் சுமந்து திரும்பினான். அவன் மனைவியும் உடன் உழைத்தாள். மாலையில் லயத்தின் பின்புறத்துக் கொல்லையில் கீரையும் வெண்டையும் முருங்கையும் பயிராயின. தட்டு நிறையச் சோறு உண்டாலும், அது முழுவதும் உழைப்பில் எரிந்துபோயிற்று.

பின்னர்க் காலம் மாறிற்று. கித்தா மரங்கள் செம்பனைக்கு இடம் விட்டன. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் நகர்ப்புறங்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தனர். நடை நின்றது; கொல்லை மறைந்தது; சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. அதனோடு டின் பால் கலந்த தே தாரேக்கும், சீனி கரைத்த வண்ணப் பானங்களும், எண்ணெயில் பொரித்த பண்டங்களும் சேர்ந்துகொண்டன.

விளைவு யாது? சுகாதார அமைச்சு 1986ஆம் ஆண்டில் முதன்முதல் நடத்திய நாடளாவிய ஆய்வில், 35 வயதும் அதற்கு மேலும் உடையோருள் 6.3 விழுக்காட்டினர்க்கே நீரிழிவு இருந்தது. 2019ஆம் ஆண்டின் ஆய்வில், 18 வயது நிரம்பியோர் அனைவரையும் கணக்கிட்டபோதே அது 18.3 விழுக்காடாக இருந்தது. நம் இந்தியச் சமுதாயத்திலோ 31.4 விழுக்காடு! 2023ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் பொது அளவு 15.6 விழுக்காடாகச் சற்றுக் குறைந்தது. ஆயினும், மிகை எடை உடையோர் 54.4 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். நம் மக்கள் ‘இனிப்புநீர்’ என்று மென்மையாகப் பெயரிட்டழைக்கும் இந்நோய் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் கவர்ந்துகொள்வது. பெரிபெரிக்குத் தப்பிய கால்களை நாம் இனிப்புநீருக்கு இழக்கலாமா?

நேரமில்லை என்னும் பெற்றோர்க்கு

பெற்றோர் பலர் ‘எங்களுக்கு நேரமில்லை’ என்கின்றனர். அது பொய்யன்று. தந்தையும் தாயும் வேலைக்குச் செல்லும் இல்லத்தில் விடியற்காலை என்பது ஒரு போராட்டமே. ஆயினும், அன்றைய தோட்டத்துத் தாய்க்கும் நேரம் இருந்ததில்லை. அவளுக்கு இருந்தவை வழக்கங்களே. ஆகவே, நேரம் வேண்டாத சில வழக்கங்களை ஈண்டுச் சுட்டுதல் பொருந்தும்.

முதலாவது, பசியாறுதல். ஞாயிற்றுக்கிழமை அரைத்து வைத்த மாவு குளிர்பெட்டியில் இருந்தால், இட்டலி வேகப் பத்து நிமிடம் போதும். கேழ்வரகுக் கூழை இரவே காய்ச்சி வைத்துக் காலையில் மோர் சேர்த்துக் கரைத்துக் கொடுக்கலாம். வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும் மாணவன் பத்து மணிக்கு எந்தப் பாடத்தையும் கேளான் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர்.

இரண்டாவது, பானம். நூறு மில்லிலிட்டருக்குப் பத்துக் கிராம் சீனி கொண்ட 325 மி.லி. பானத்தில் ஏறத்தாழ எட்டுத் தேக்கரண்டிச் சீனி அடங்கியுள்ளது. இத்தகைய பானங்களின் தீமை கருதியே அரசாங்கம் 2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவற்றுக்கு வரி விதிக்கத் தொடங்கியது. பிள்ளையின் பையில் ஒரு போத்தல் நீரை வைப்பதற்கு நேரமும் வேண்டா, பணமும் வேண்டா.

மூன்றாவது, தட்டு. ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ என்று சுகாதார அமைச்சு பரப்பிவரும் முறை மிக எளிது. சுக்கு என்னும் இம்மலாய்ச் சொல் காற்பங்கைக் குறிப்பது; நம் அஞ்சறைப் பெட்டிச் சுக்கன்று! தட்டில் காற்பங்கு சோறு. காற்பங்கு மீன், முட்டை, பருப்பு போன்றவை. எஞ்சிய பாதி காய்கறியும் பழமும். புழுங்கலரிசியே ஆயினும் மிகையாக உண்டால் அதுவும் கேடே. அன்று குறையைத் தீர்த்த அதனிடம், இன்று மிகையைத் தீர்க்கும் மந்திரத்தை எதிர்பார்த்தல் கூடாது.

நான்காவது, உடலுழைப்பு. வளர்ந்தோர்க்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடமும், பிள்ளைகட்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமும் உடலியக்கம் தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரவு உணவுக்குப்பின் குடும்பமாக இருபது நிமிடம் நடந்தால் வளர்ந்தோர்க்குரிய அளவு பெரிதும் நிறைவேறிவிடும். பிள்ளைகளுக்கு எஞ்சியதைப் பந்தும் கயிறும் சைக்கிளும் நிறைவேற்றும். நடக்கும்போது பேசவும் முடியும் என்பதால், ஒருவரையொருவர் காணவே நேரமில்லாத குடும்பத்துக்கு அஃது இரட்டை நன்மை.

இவற்றுள் எதனையும் அறிவுரையால் மட்டும் பிள்ளைகளிடம் ஏற்றிவிட இயலாது. கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் தந்தை, மகனைக் கீரை உண்ணுமாறு ஏவுவதால் பயனில்லை. ஆசிரியர் நாற்பது நிமிடத்தில் கற்பிப்பதைப் பெற்றோர் ஒரு கவளத்தில் கற்பித்துவிடுகின்றனர்.

நம் முன்னோர் தாம் செய்ததன் காரணத்தை அறியாதிருந்தும் பயன் பெற்றனர். நாமோ காரணங்கள் அனைத்தையும் அறிந்திருந்தும் பயன் பெறாதிருக்கிறோம். அறிவுக்கும் அடுப்படிக்கும் இடையே விழுந்துள்ள இவ்விடைவெளியை எந்த மருத்துவமனையும் நிரப்பாது. பெற்றோர் நாள்தோறும் தம் இல்லத்தில் நிலைநாட்டும் சிறுசிறு வழக்கங்களே அதனை நிரப்பவல்லவை. அவ்வழக்கங்களை இன்றே தொடங்குவோமாயின், நாளைய தலைமுறை காரணம் கேளாமலே அவற்றைத் தொடரும், நலமும் பெறும்.