மல்லாட்டை எண்ணெயும் மோட்டாரும்

எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார் 'திக்தே' சொல்லும்போது அதுவே 'அராஷீத்' ஆகிவிடும். ஒரு காலத்தில் புதுச்சேரியிலிருந்து மார்செய் நகரத்துக்குக் கப்பல் கப்பலாக மல்லாட்டை போனது. அங்கே அது எண்ணெயாகி, சோப்பானது.

அதே எண்ணெயில் 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜின் ஓடியது. காட்டியது ஒட்டோ கம்பெனி. கேட்டுக்கொண்டது பிரெஞ்சு அரசு. ஆப்பிரிக்கக் காலனிகளில் விளையும் கடலையைக் கொண்டே அங்கே என்ஜின் ஓட்டலாம் என்பது கணக்கு. இதைப் பின்னாளில் ருடால்ஃப் டீசலே சொல்லியிருக்கிறார்.

ஆனால் தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி. நாளடைவில் என்ஜினில் கரி படியும். 1937-ல் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷவான் இதற்கு ஒரு வழியைக் காப்புரிமை செய்தார். பனை எண்ணெயோடு எத்தனால் சேர்த்து வினைப்படுத்தினால் கிளிசரின் பிரிந்து, இளகிய எரிபொருள் கிடைக்கும். மறு ஆண்டே பிரஸ்ஸல்ஸ்–லூவேன் பஸ் அதில் ஓடியது.

இன்று பெரும்பாலும் மெத்தனாலும் காரமும் சேர்த்துச் செய்கிறார்கள். புது எண்ணெய்க்கு அது சரி. பஜ்ஜி சுட்டுக் கழித்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் அதிகம். காரம் பட்டால் சோப்பாகிவிடும். மார்செய்க்கு வரமாக இருந்தது இங்கே தொல்லை!

மாற்று, லைப்பேஸ் என்னும் நொதி. நம் உடம்பில் கொழுப்பைச் செரிக்க வைக்கும் இனம். அந்த அமிலத்தையும் எரிபொருளாக்கிவிடும். 40 டிகிரி சூடு போதும். ஆனால் விலை அதிகம். எண்ணெயில் கலந்துவிட்டால் திரும்ப எடுப்பதும் கஷ்டம். அதனால் சிறு பிசின் மணிகளில் அதை ஒட்டவைத்து, வடிகட்டி, மறுபடி மறுபடி பயன்படுத்துகிறார்கள். 1916-லேயே அமெரிக்காவில் நெல்சனும் கிரிஃபினும், ஒரு நொதி கரித்தூளில் ஒட்டிக்கொண்டும் வேலை செய்வதைக் கண்டிருந்தார்கள்.

இதிலும் சங்கடம் உண்டு. மெத்தனாலை ஒரேயடியாக ஊற்றினால் நொதி செயலிழக்கும்; தவணை தவணையாகத்தான் ஊற்ற வேண்டும். பிரியும் கிளிசரின் மணிகளைப் போர்த்தி அடைத்துக்கொள்ளும். காரமோ மலிவு.

எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபின் பஜ்ஜி நின்றது. தெருமுனைக் கடைக்காரரோடு பேச்சு நிற்கவில்லை. "கறுத்த எண்ணெயை என்னப்பா செய்வே?" என்று கேட்டேன்.

"நல்ல வெலைக்கு ஆள் வந்தா குடுத்துடுவேன் சார். இல்லேன்னா நாளைக்கும் இதுலதான் பஜ்ஜி."

நொதியின் விலை குறைய வேண்டும் என்று இந்த வயதில் நான் கவலைப்படுவது அதனால்தான்.